நான் பார்த்த கொம்புப் பூச்சிகளும் பார்க்காமல் விட்ட தோட்டங்களும்

எங்கள் பழைய அலுவலகத்தில் புதிதாக வேலைக்குச் சேர்ந்த ஒரு பையனும் ஒரு பெண்ணும் சென்ற மாதம் என்னைப் பார்க்க வந்திருந்தார்கள். இப்போதெல்லாம் செல்போனில் ஒரு பூச்சியைப் படம் பிடித்தால் போதுமாம். எந்த ஊர், எந்த வயல், எந்த நேரம் என்பதை அதுவே குறித்துக்கொள்கிறதாம்.

"உங்க காலத்துல எந்த இடத்துல நிக்கிறோம்னு எப்படி சார் கண்டுபிடிப்பீங்க?" என்று அந்தப் பெண் கேட்டாள்.

"கண்டக்டரைக் கேட்போம்மா" என்றேன்.

வேடிக்கையாகச் சொல்கிறேன் என்று நினைத்து இருவரும் சிரித்தார்கள். நான் நிஜத்தைத்தான் சொன்னேன். அப்படி வேலை பார்த்ததில் தொட்டியத்தில் ஒரு அம்மாளின் வெற்றிலைக் கொடிக்கால் அடியோடு போக இருந்தது. எழுதித்தான் வையுங்களேன் என்று அந்தப் பெண் சொல்லிவிட்டுப் போனாள். எழுதுகிறேன்.

கொம்புப் பூச்சி என்று நாங்கள் சொல்லிவந்தது ஒரு சின்ன ஜீவன். துவரம் பருப்பைவிடக் கொஞ்சம் பெரிதாக இருக்கும். வாகை, கருவேல், அகத்தி, துவரை இவற்றின் இளந்தண்டில் வரிசையாக உட்கார்ந்து சாறு குடிக்கும். தோளின் இரண்டு பக்கமும் மாட்டுக்கு இருப்பது போலக் கொம்பு. அசையாமல் இருந்தால் தண்டில் முளைத்த முள் என்றே தோன்றும். கிட்டப் போனால் குதிக்கும். எந்தத் திசையில் குதிக்கும் என்று யாராலும் சொல்ல முடியாது என்பார்கள். என் விஷயத்தில் அந்தச் சந்தேகமே எழவில்லை. நேராக முகத்துக்குத்தான் குதிக்கும். கடிக்காது, கொட்டாது. இதை நான் ஊர் ஊராகப் போய்ச் சொல்லியிருக்கிறேன், கைகளை முதுகுக்குப் பின்னால் கட்டிக்கொண்டு.

ஐம்பதுகளின் பிற்பகுதியில் விவசாய இலாகாவின் பூச்சிப் பிரிவில் வேலைக்குச் சேர்ந்தேன். எனக்குப் பூச்சி என்றாலே பயம். ஆனால் சர்க்கார் உத்தியோகம் என்றால் மேஜை, நாற்காலி, மின்விசிறி என்றுதான் ஸ்ரீரங்கத்தில் நாங்கள் நினைத்துக்கொண்டிருந்தோம். மேஜை கிடைத்தது. அதன்மேல் குண்டூசியில் செருகிய வண்டுகள் இருந்தன. பயிற்சி என்று சில மாதங்கள் நடந்தது. அதில் நான் நன்றாகக் கற்றுக்கொண்டது, எடுத்த பூச்சி தப்பித்து ஓடினால் எடுக்கவே இல்லை என்ற பாவனையில் நிற்பது எப்படி என்பதுதான்.

வீட்டில் வேறு சங்கடம். அப்பா கோயிலில் பிரபந்தம் சேவிக்கிறவர். முதல் நாள் நான் தோள்பையைக் கொண்டுபோய்க் கூடத்தில் வைத்தபோது அம்மா உள்ளே இருந்த கண்ணாடிப் புட்டியைப் பார்த்துவிட்டாள்.

"என்னடா ரங்கா அது?"

"பூச்சியைப் போட்டு மூடி வைக்கறதும்மா. கொஞ்ச நேரத்துல செத்துடும்."

"ஜீவஹிம்சை பண்ணத்தான் பெருமாள் உனக்கு உத்தியோகம் குடுத்தாரா? எடு அதை. ஆத்துக்குள்ள வரப்படாது."

அப்பா கொஞ்ச நேரம் யோசித்தார். "யாராவது கேட்டா சர்க்கார் உத்தியோகம்னு சொல்லு. அதுக்கு மேல விவரிக்க வேண்டாம்" என்றார். அன்று முதல் என் தோள்பை வாசலில் செருப்புகளோடு படுத்துக்கொண்டது.

எங்கள் அதிகாரி ஞானப்பிரகாசம். மெலிந்த, உயரமான மனிதர். கடைநிலை ஊழியரைக்கூட 'நீங்க' என்றுதான் கூப்பிடுவார். அவர் கோபப்பட்டு நான் பார்த்ததில்லை. அதைவிடக் கொடுமையான பழக்கம் ஒன்று அவரிடம் இருந்தது. நாம் எழுதிக் கொடுத்த அறிக்கையை, நம்மை எதிரில் நிற்க வைத்துக்கொண்டு, தானும் எழுந்து நின்று நிதானமாக வாய்விட்டுப் படிப்பார்.

அந்த வயதில் எனக்கு எழுத்தாளன் ஆகும் ஆசை இருந்தது. கள அறிக்கையைத் தமிழிலேயே எழுதலாம் என்று அவர் சொல்லிவிட்டதால் என் ஆசை முழுவதையும் முதல் அறிக்கையில் இறக்கி வைத்திருந்தேன்.

"'காலைக் கதிரவன் காவிரி அன்னையின் மேனியில் பொன்முலாம் பூசிய வேளை'" என்று படித்தார். நிறுத்தினார். "மணி என்ன இருக்கும் ரங்கராஜன்?"

"ஒன்பது சார்."

'ஒன்பது' என்று பென்சிலால் ஓரத்தில் எழுதினார். "'வானளாவிய விருட்சம் ஒன்றில்.' என்ன விருட்சம்?"

"வாகைன்னு நினைக்கிறேன் சார்."

'வாகை என்று நினைக்கிறார்' என்று எழுதினார். அப்படியே கடைசி வரி வரை போனார். இரண்டு பக்கத்தில் மிஞ்சியது அரை வரி. என் இலக்கிய வாழ்க்கை அன்றோடு முடிந்தது.

வேலை இதுதான். திருச்சியைச் சுற்றியுள்ள பகுதியில் கொம்புப் பூச்சி எங்கெங்கே, எந்தெந்த மரத்தில் இருக்கிறது என்று பார்த்துக் குறிக்க வேண்டும். பார்ப்பதற்கு ஒரு முறை உண்டு. மரத்தடிக்குப் போனதும் பூச்சியைத் தேடக்கூடாது, எறும்பைத் தேட வேண்டும். கொம்புப் பூச்சியின் பின்பக்கத்திலிருந்து இனிப்பாக ஒரு நீர் கசியும். அதைக் குடிக்க எறும்புகள் சாரி சாரியாக ஏறும். அவற்றின் பின்னாலேயே கண்ணை மேலே கொண்டுபோனால் பூச்சி இருக்கும் கிளை வந்துவிடும். நம் நிழல் கிளைமேல் விழக்கூடாது. ஆள் வருவது தெரிந்தால் பூச்சி மெதுவாகத் தண்டின் மறுபக்கத்துக்கு நகர்ந்து ஒளிந்துகொள்ளும். அப்போது அந்த மறுபக்கத்தில் உள்ளங்கையை மெல்லக் கொண்டுபோனால் கைக்குப் பயந்து நம் பக்கம் திரும்பி வரும். லென்ஸை வைத்துப் பார்க்கலாம். வளர்ந்ததற்குக் கொம்பும் இறக்கையும் இருக்கும். குஞ்சுக்கு இறக்கை கிடையாது. பிறகு கிளைக்கு அடியில் ஒரு குடையை விரித்துத் தலைகீழாகப் பிடித்து, கிளையைக் குச்சியால் ஒரு தட்டு. விழுந்தவற்றில் ஒன்றைப் புட்டிக்கு எடுத்துக்கொண்டு மற்றவற்றை உதறிவிட வேண்டும்.

உதறிவிட வேண்டும் என்பது முக்கியம். ஒருநாள் காட்டூர்ப் பக்கம் துவரை வயல்களைப் பார்த்துவிட்டு, உதறாமல் குடையை மடக்கிக்கொண்டு பஸ் ஏறிவிட்டேன். திருச்சியில் மெயின்கார்டு கேட் அருகே இறங்கியதும் மழை பிடித்துக்கொண்டது. பக்கத்தில் பட்டுப்புடவையும் பூவுமாக ஒரு கல்யாணக் கூட்டம் நனைந்துகொண்டிருந்தது. உபகாரம் செய்யும் எண்ணத்தில் "வாங்க மாமி, இதுக்குள்ள நில்லுங்கோ" என்று ஒரு மாமிக்கு மேலாகக் குடையை விரித்தேன். மாமியின் கொண்டையில் கொம்புப் பூச்சிகள் சொரிந்தன. "கடிக்காது மாமி, கடிக்காது" என்று நான் கத்தினேன். அதில் ஒன்று என் மூக்கில் வந்து உட்கார்ந்ததும் குடையைப் போட்டுவிட்டு முதலில் ஓடியவன் நான்தான்.

அலுவலகச் சுவரில் ஒரு பெரிய வரைபடம் மாட்டியிருந்தோம். பூச்சியைக் கண்ட இடத்தில் சிவப்பு மையால் ஒரு புள்ளி வைப்பேன். அரியமங்கலம், காட்டூர் என்று கிழக்கே கொஞ்சம். காவிரியின் வடகரையில் மேற்கே தொட்டியம் வரைக்கும் ஒரு வரிசை. புள்ளிகள் பெருகப் பெருக எனக்குப் பெருமை தாங்கவில்லை. அலுவலகத்துக்கு யார் வந்தாலும் வரைபடத்தின் முன்னால் போய் நின்றுகொள்வேன்.

தொட்டியத்தில் வாய்க்கால் ஓரமாகக் கொடிக்கால்கள் இருந்தன. வெற்றிலைக் கொடி தானாக நிற்காது. அகத்தியை வரிசையாக வளர்த்து அதன்மேல் ஏற்றிவிடுவார்கள். அகத்தி போனால் கொடியும் போயிற்று. அங்கே செல்லம்மா என்ற அம்மாள், கணவர் காலமான பிறகு தனியாக ஒரு கொடிக்காலை நடத்திவந்தார். பஸ் நிற்கும் இடத்திலிருந்து முதல் தோட்டம் அவருடையது. கேட்டதும் "வாங்க தம்பி, பாத்துக்குங்க" என்று உள்ளே விட்டார். அவருடைய அகத்திகளில் கொம்புப் பூச்சி ஏராளமாக இருந்தது. அடுத்த தோட்டம் முத்துச்சாமியுடையது. அதன் வாசலில் ஒரு செவலை நாய் படுத்திருந்தது. என்னைப் பார்த்ததும் எழுந்து நின்றது, அவ்வளவுதான். ஒரு தோட்டம் பார்த்தால் ஊருக்கே பார்த்த மாதிரி என்று எனக்கு நானே சொல்லிக்கொண்டு பஸ்ஸுக்குத் திரும்பிவிட்டேன்.

அந்த வருஷம் அந்தப் பக்கத்துக் கொடிக்கால்களில் வாடல் வந்திருந்தது. நேற்றுவரை பச்சையாக இருந்த கொடி, இலை தொங்கி, சில நாளில் காய்ந்துவிடும். பூச்சி ஆபீஸிலிருந்து ஒருவர் வந்து போகிறார் என்று கேள்விப்பட்ட முத்துச்சாமி ஒரு கூட்டத்துக்கு ஏற்பாடு செய்து என்னைப் பேசக் கூப்பிட்டார். பள்ளிக்கூட மைதானத்தில் மேடை, மாலை, சோடா, மைக். என் குரலை ஒலிபெருக்கியில் நான் அதற்கு முன் கேட்டதில்லை. அவ்வளவு நன்றாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. ஞானப்பிரகாசம் வெட்டி எறிந்த கதிரவனும் காவிரி அன்னையும் எல்லோரும் அன்றைக்குத் திரும்பி வந்துவிட்டார்கள்.

"நம்ம ஊர்ல இந்தப் பூச்சியை எங்க சார் பாத்தீங்க?" என்று கூட்டத்திலிருந்து ஒருவர் கேட்டார்.

"வாய்க்கால் ஓரத்தில், திருமதி செல்லம்மா அவர்களின் கொடிக்காலில். ஏராளமாக!" என்றேன். கைதட்டினார்கள்.

"வாடலுக்கு அதுதான் காரணமா?"

தெரியாது என்று சொல்லியிருக்க வேண்டும். கழுத்தில் மாலையோடு அந்த வார்த்தை வரவில்லை. "இருக்கலாம்" என்றேன். மைக்கில் சொல்கிற 'இருக்கலாம்' கடைசி வரிசைக்குப் போய்ச் சேரும்போது 'ஆமாம்' ஆகிவிடுகிறது. அது தெரியாமல், மாலையை மடியில் வைத்துக்கொண்டு, பஸ்ஸில் ஜன்னலோரமாக உட்கார்ந்து சந்தோஷமாக ஊர் திரும்பினேன்.

அடுத்த வாரம் செல்லம்மா எங்கள் அலுவலகத்துக்கே வந்துவிட்டார். ஞானப்பிரகாசத்தின் அறையில்தான் நானும் இருந்தேன். என்னை அந்த அம்மாள் 'தம்பி' என்று கூப்பிடவில்லை.

"சார், நீங்க பேசிட்டு நல்லபடியா பஸ் ஏறிப் போயிட்டீங்க. ஊர் கூடி என் அகத்தியை எல்லாம் வெட்டி எரிக்கணும்கிறாங்க. பூச்சி என் தோட்டத்துலதான் இருக்காம், அங்கேருந்து எல்லாத் தோட்டத்துக்கும் பறந்து போகுதாம். நாளைக்கு அரிவாளோட வராங்க. எனக்கு இருக்கறது அது ஒண்ணுதான். உங்களை உள்ள விட்டதைத் தவிர நான் என்ன தப்பு செஞ்சேன்?"

ஞானப்பிரகாசம் எழுந்து அவருக்குத் தன் நாற்காலியைக் கொடுத்தார். பிறகு என்னிடம், "பக்கத்துத் தோட்டங்கள்ல பூச்சி இல்லையா?" என்றார்.

"நேரம் இல்லாம போச்சு சார்."

"அப்ப, இல்லைங்கறது தெரியாது."

"தெரியாது சார்."

வரைபடத்தின் அருகே போனார். ஒவ்வொரு புள்ளியாகப் பென்சிலை வைத்து, "இங்க எங்க இறங்கினீங்க?" என்று கேட்டார். பஸ் நிற்கும் இடம் என்றேன். அடுத்ததும் அதுதான். அதற்கடுத்தது டீக்கடை வாசல், அங்கேயும் பஸ் நிற்கும். அவர் புள்ளிகளைப் பென்சிலால் இணைத்துக்கொண்டே மேற்கே போனார். தொட்டியம் வந்ததும் ஓரடி தள்ளி நின்று பார்த்தார்.

"ரோடு நல்லா வந்திருக்கு" என்றார்.

அவ்வளவுதான் சொன்னார். நான் இத்தனை மாதங்களாகச் சிவப்பு மையில் வரைந்துகொண்டிருந்தது பஸ் போகும் பாதையை. பூச்சி இருந்த இடங்களையெல்லாம் நான் குறிக்கவில்லை, நான் இறங்கிய இடங்களைக் குறித்திருந்தேன். அதை நம்பி ஒரு ஊர் அரிவாளை எடுத்திருந்தது.

மறுநாள் முதல் பஸ்ஸில் நானும் அவரும் போனோம். செல்லம்மாவின் தோட்டத்தில் ஏற்கெனவே ஆட்கள் கூடியிருந்தார்கள். முத்துச்சாமி முன்னால் நின்றார். கெட்டவர் இல்லை. அவருடைய கொடிகளிலும் பாதி வாடிக்கொண்டிருந்தன, கண் சிவந்திருந்தது.

"உங்க ஆபீஸ்காரர்தாங்க சொன்னாரு" என்றார் ஞானப்பிரகாசத்திடம்.

"சொன்னாருங்க. இன்னும் கொஞ்சம் பாக்க வேண்டியிருக்கு. உங்க தோட்டத்தைப் பாக்கலாமா?"

"என் தோட்டத்துல அது கிடையாதுங்க. தாராளமா பாருங்க."

"ரங்கராஜன், நீங்க பாத்துச் சொல்லுங்க. நான் இங்க வரப்புல நிக்கிறேன்" என்றார் ஞானப்பிரகாசம்.

நாயைத் தென்னையில் கட்டிவிட்டார்கள். கட்டிய கயிற்றை நான் இரண்டு தரம் பார்த்துவிட்டு உள்ளே போனேன். ஊரே வரப்பில் நின்று பார்த்தது. முதல் அகத்தியில் எறும்பு இல்லை. இரண்டாவதிலும் இல்லை. இங்கே பூச்சி இல்லாமல் போனால் செல்லம்மாவின் தோட்டம் அந்த இடத்திலேயே முடிந்தது. வாழ்க்கையில் முதல் தடவையாக, கொம்புப் பூச்சி இருக்க வேண்டுமே என்று பெருமாளை வேண்டிக்கொண்டேன். நடுவரிசையில் ஒரு மரத்தில் எறும்புச் சாரி தெரிந்தது. கண்ணை மேலே கொண்டுபோனேன். கிளை கிட்டத்தில் வந்தது. மறுபக்கம் கையை வைத்தேன். ஒன்று குதித்து என் நெற்றியில் ஒட்டிக்கொண்டது.

"பெருமாளே!" என்று நான் போட்ட சத்தத்தில் நாயே ஒரு நிமிஷம் குரைப்பதை நிறுத்திவிட்டது. வரப்பில் சிரிப்பு.

"இருக்குங்க! இங்கயும் இருக்கு!" என்றேன்.

முத்துச்சாமி வந்து பார்த்தார். "இது அந்தத் தோட்டத்துலேருந்து நேத்து பறந்து வந்திருக்கும்" என்றார்.

லென்ஸை அவர் கையில் கொடுத்தேன். கொம்பு வளராத, சாம்பல் நிறக் குஞ்சுகள் தண்டோடு ஒட்டி உட்கார்ந்திருந்தன. "இதுக்கு ரெக்கை இருக்கா பாருங்க."

வெகு நேரம் பார்த்தார். "காணோம்."

"இது குஞ்சுங்க. பறக்காது. இங்கேயே பொறந்தது."

அவர் லென்ஸைத் திருப்பிக் கொடுத்தார். அதற்கடுத்த தோட்டத்திலும் பார்த்தோம். அங்கேயும் இருந்தது. பிறகு ஞானப்பிரகாசம் வரப்பிலிருந்து முத்துச்சாமியின் தோட்டத்துக்குள் இறங்கினார். பூச்சி மொய்த்த அகத்தியில் ஏறிய கொடி ஒன்று பச்சையாக இருந்ததைக் காட்டினார். பூச்சியே இல்லாத அகத்தியில் ஒரு கொடி வாடிக் கிடந்தது. முத்துச்சாமியிடம் கேட்டுக்கொண்டு அந்தக் கொடியைப் பிடித்து இழுத்தார். கையோடு வந்துவிட்டது. அடித்தண்டு கறுத்து, கொழகொழவென்று அழுகியிருந்தது. நாற்றம் தாங்கவில்லை. அது நின்ற இடத்தில் மண் சேறாகக் கிடந்தது.

"தண்ணி எங்க வடியுது?" என்று கேட்டார்.

செல்லம்மாவின் தோட்டத்துக்கும் முத்துச்சாமியின் தோட்டத்துக்கும் நடுவே ஒரு வடிகால் இருந்தது. அது வடிகால் என்று யாராவது சொன்னால்தான் தெரியும், அவ்வளவு தூர்ந்துபோயிருந்தது. அவர் தூர் வாரட்டும் என்று இவரும், இவர் வாரட்டும் என்று அவரும் விட்டிருந்தார்கள். முத்துச்சாமி செல்லம்மாவைப் பார்த்தார். செல்லம்மா வடிகாலைப் பார்த்தார்.

கூட்டம் மட்டும் கலையவில்லை. அரிவாள்களும் கீழே போகவில்லை. ஞானப்பிரகாசம் என் பக்கம் திரும்பி, "அன்னைக்கு மைக்ல சொன்னதை இன்னைக்கு மைக் இல்லாம சொல்லிடுங்க" என்றார்.

வரப்பில் ஏறி நின்றேன். கதிரவன், காவிரி, ஒன்றும் வாயில் வரவில்லை. "வாடலுக்கு இந்தப் பூச்சி காரணம்னு எனக்குத் தெரியாதுங்க. தெரியாமலே சொல்லிட்டேன். அடித்தண்டுதான் அழுகிக் கிடக்கு, நீங்களே பாத்தீங்க. பூச்சி எல்லாத் தோட்டத்துலயும் இருக்குங்க."

"அப்புறம் ஏன்யா செல்லம்மா பேரை மட்டும் சொன்னே?" என்று கூட்டத்திலிருந்து ஒரு குரல்.

"மத்த தோட்டத்துக்கு நான் போகலைங்க."

"ஏன் போகலை?"

நேரமில்லை என்று சொல்ல வாயெடுத்தேன். செல்லம்மா என்னையே பார்த்துக்கொண்டிருந்தார்.

"நாய் இருந்துச்சுங்க."

முத்துச்சாமிதான் முதலில் சிரித்தார். "அட, நம்ம நாய்க்குப் பயந்தா ஊரையே அரிவாள் தூக்க வச்சீரு!" என்றார். பிறகு எல்லோரும் சிரித்தார்கள். வயிற்றைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள். அரிவாளைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு ஒவ்வொருவராகக் கலைந்தார்கள். என் வாழ்நாளில் இவ்வளவு பேர் ஒன்றாகச் சேர்ந்து என்னைப் பார்த்துச் சிரித்தது கிடையாது, அதனால் இவ்வளவு நிம்மதி அடைந்ததும் கிடையாது. செல்லம்மா மட்டும் சிரிக்கவில்லை. ஒரு மண்வெட்டியைக் கொண்டுவந்து என் முன்னால் வைத்தார்.

அன்று பிற்பகல் முழுதும் வடிகாலில் நின்றேன். முத்துச்சாமியின் ஆட்கள் ஒரு முனையிலிருந்தும் நாங்கள் மறுமுனையிலிருந்தும் வெட்டினோம். ஞானப்பிரகாசம் ஷூவைக் கழற்றிவிட்டு, பேண்டை முழங்கால்வரை சுருட்டிக்கொண்டு சேற்றை அள்ளிப் போட்டார். நான் வெட்டியது வடிகாலா பள்ளமா என்று முத்துச்சாமி நடுநடுவே விசாரித்தார். சாயங்காலம் பஸ்ஸில் எங்கள் பக்கத்தில் யாரும் உட்காரவில்லை.

அந்த வருஷம் செல்லம்மாவுக்குக் கொடிக்காலில் கிட்டத்தட்டப் பாதி போய்விட்டது. போன இடத்தில் வாழை வைத்தார். மீதி பிழைத்துக்கொண்டது. அகத்தி ஒன்றும் வெட்டுப்படவில்லை.

சுவரில் இருந்த வரைபடத்தைக் கழற்றச் சொன்னார் ஞானப்பிரகாசம். புதிதாக ஒன்றை ஆரம்பித்தோம். பூச்சி இருந்தால் சிவப்புப் புள்ளி. தேடியும் இல்லை என்றால் வெறும் வட்டம். போகாத ஊர் வெறுமையாகவே இருக்கும், அதன் மேல் யாரும் ஊகித்து எதையும் எழுதக்கூடாது. சைக்கிள் ஒன்று கொடுத்தார்கள். பஸ் போகாத ஊர்களாகத் தேடிப் போனேன். நாய்களும் என்னைத் தேடி வந்தன. அறுபதுகளில் பாதி அதிலேயே கழிந்தது. கடைசியில் நாங்கள் கண்டுபிடித்தது இதுதான்: இந்தப் பூச்சிக்குப் பிடித்த மரங்கள் இருக்கும் இடத்திலெல்லாம் அநேகமாக இந்தப் பூச்சியும் இருக்கிறது. இதைத்தான் கண்டுபிடித்தாயா என்று அப்பா கேட்டார். ஆமாம் என்றேன். அதற்கு மேல் விவரிக்க என்னிடமும் ஒன்றும் இல்லை.

அந்தக் கணக்கெடுப்பின் கடைசிச் சுற்றில் மறுபடியும் தொட்டியம் போக வேண்டி வந்தது. மற்ற தோட்டங்களையெல்லாம் முடித்துவிட்டு, செல்லம்மாவின் தோட்டத்து வாசல் படலுக்கு வெளியே நின்றேன். அந்த ஒன்றை விட்டுவிடலாமா என்றுகூட யோசித்தேன். உள்ளே வெற்றிலை கிள்ளிக்கொண்டிருந்தவர் என்னைப் பார்த்துவிட்டார். தலை நன்றாக நரைத்திருந்தது.

"ஏன் அங்கயே நிக்கிறீங்க? வாங்க" என்றார்.

போய்ப் பார்த்தேன். அகத்திகள் ஓங்கி வளர்ந்திருந்தன. எறும்புச் சாரி ஏறியது. கிளையில் வரிசையாக உட்கார்ந்திருந்தன.

"இருக்கா?" என்று பின்னாலிருந்து கேட்டார்.

கொஞ்சம் தயங்கினேன். "இருக்கும்மா. நிறைய இருக்கு."

"எழுதிக்குங்க தம்பி" என்றார் செல்லம்மா. "யாராவது கேட்டா, என் தோட்டத்துல இருக்குன்னே சொல்லுங்க."